பஸ்ஸில் தமிழ் பேசினால் எழுந்து நிற்க வேண்டும்

ஆங்கிலம் கற்றுக்கொள்வது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன். அதில் ஒன்றைச் செய்யப்போய் ஒரு நல்ல மனிதரின் நட்பை இழந்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கணபதி பகுதியில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிமாநில வியாபாரிகளிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்த ஆளைத்தான் சூப்பர்வைசர் ஆக்குவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். உடனே நானும் பக்கத்து லேத்தில் வேலை செய்த அண்ணனும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தோம். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

வீட்டிலுள்ள பொருள்களில் எல்லாம் ஆங்கிலப் பெயரை எழுதி ஒட்டச் சொன்னார் வாத்தியார். நல்ல வழிதான், ஆனால் வாளியில் ஒட்டாதீர்கள், முதல் குளியலிலேயே பெயர் போய்விடும். கதவில் ஒட்டியதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "ஏனுங்க, நோட்டீஸ் எல்லாம் ஒட்டியிருக்கறீங்க, ஊட்டைக் காலி பண்றீங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் கவலையைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது.

கண்ணாடி முன் நின்று பேசுவது அடுத்த வழி. கண்ணாடிக்குள் இருந்தவன் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். எதிர்க்கேள்வி கேட்காத ஆளிடம் பேசினால் யாருக்குத்தான் ஆங்கிலம் வராது?

ஆகவே ஒரு துணை வேண்டும் என்றார் வாத்தியார். நானும் அண்ணனும் தினமும் சாயங்காலம் கணபதியிலிருந்து சிங்காநல்லூருக்கு ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஆங்கிலம்தான், தமிழ் பேசியவர் சீட்டை விட்டு எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். போட்டவனே முதல் வாரம் முழுக்க நின்றேன். கண்டக்டர் "உள்ள போங்க" என்றதற்கு "போறேனுங்க" என்றேன், அதற்கும் நின்றேன்.

பிறகு தந்திரம் பிடிபட்டது. தெரிந்த வாக்கியங்களை மட்டும் பேசினால் போதும். ஹவ் ஆர் யூ. ஐ ஆம் ஃபைன். தேங்க் யூ சார். இன்று வானிலை மிக நன்றாக இருக்கிறது. எங்கள் ஆங்கிலத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. தினமும் எல்லாரும் நலமாகவே இருந்தோம்.

ஒரு வாரம், அண்ணனின் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, மேலுக்குச் சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் வந்திருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, ஒரு சங்கதிங்க…"

நான் கைதட்டினேன். "தமிழு! எந்திரிங்கண்ணா!"

"இல்லீங்க தம்பி, ஊட்டுல…"

"ரெண்டாவது தடவை! சிங்காநல்லூர் வரைக்கும் நின்னுபோட்டு வாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி எழுந்தார். அந்த இடத்தில் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்துகொண்டார். கூட்டம் ஏற ஏற அண்ணன் தள்ளிப் போனார். கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் விரலை ஆட்டினேன். தலைகளுக்கு மேலே, "ஹவ் ஆர் யூ?" என்று கத்தினேன்.

"ஐ ஆம் ஃபைன்" என்றார்.

சிங்காநல்லூருக்கு முன்பே, ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். மருந்து வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வழியில் வேறு சீட் காலியானபோதும் உட்காராமல் கடைசிவரை நின்றாரே, எவ்வளவு நேர்மை என்று மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாலு நாள் அண்ணன் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் பட்டறைக்குச் செய்தி வந்தது. மஞ்சள் காமாலை முற்றி அக்கா போய்விட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

"பெரிய டாக்டரு வடக்கத்திக்காரருங்க. இங்கிலீசுதான் பேசுவாரு. அன்னைக்குச் சாயங்காலம் பார்க்க வரச் சொல்லியிருந்தாருங்க. உங்களுக்கு என்னையவிட நல்லா வருமே, கூட வரச் சொல்லலாம்னுதான் பஸ்ஸுல பேச வந்தனுங்க."

"என்ன சொன்னாருங்கண்ணா?"

"எனக்கென்னங்க தெரியும்? மெதுவா, ரொம்ப நேரம் சொன்னாருங்க. தோள் மேல கையை வெச்சாருங்க. நான் தேங்க் யூ சார்னு சொல்லிப்போட்டனுங்க. அப்புறம் அவகிட்டப் போயி, நல்லாயிருக்குதாமா, ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போலாம்னு சொல்லிப்போட்டேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்கு வாரதுக்கு பச்சைச் சீலையை எடுத்துட்டு வரச் சொன்னாளுங்க. எடுத்துட்டுப் போனனுங்க."

நான் கூடப் போயிருந்தாலும் டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்திருக்காது. 'வெரி குட் சார்' என்றுகூடச் சொல்லித் தொலைத்திருப்பேன். ஆனால் இரண்டு பேராக இருந்தால் ஒருவராவது வெட்கத்தை விட்டு, அங்கிருந்த நர்ஸ் யாரிடமாவது தமிழில் கேட்டிருப்போம். அக்காவுக்கு மிச்சமிருந்த அந்த நாள்களில் அண்ணன் அவரிடம் வேறு என்னென்னவோ பேசியிருப்பார்.

அதன்பின் அவர் சிங்காநல்லூர்ப் பக்கமே ஒரு பட்டறைக்கு மாறிவிட்டார். பஸ்ஸில் எப்போதாவது பார்த்தால், "சௌக்கியமுங்களா தம்பி" என்று மரியாதையாகக் கேட்பார். "சௌக்கியமுங்கண்ணா" என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் எந்த மொழியும் வரவில்லை. பக்கத்தில் இடம் இருந்தாலும் அவர் நின்றுகொண்டேதான் வருவார்.

நான் சூப்பர்வைசர் ஆனேன். முதல் நாள் வந்த வியாபாரி ஹவ் ஆர் யூ என்றார். ஐ ஆம் ஃபைன் என்றேன், ஒரு பிழையும் இல்லாமல்.

ஆகவே, ஆங்கிலம் பழகத் துணை பிடிக்கிறவர்களுக்கு என் ஒரே யோசனை இதுதான். முதலில், ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா என்று தமிழில் கேளுங்கள். பதில் முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள். அவர் "ஒரு சங்கதிங்க" என்று ஆரம்பித்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இன்னும் இடம் விடுங்கள். ஆங்கிலம் அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளட்டும்.