எட்டாவது தலை

இது கட்டிவிட்ட கதை இல்லை. கிளிட்டஸ் இன்றும் ஷார்ஜா தொழில்பேட்டையில் அதே குடோனில் போர்மேனாக இருக்கிறான். யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

போன ஜூலை. கண்காட்சிப் பொருள்களைப் பெட்டி கட்டி அனுப்பும் குடோன் அது. அன்றைக்கு ஓமானிலுள்ள சோஹாருக்குப் போக வேண்டியது ஒரே ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு வெள்ளிப் பாளம். நானூறு வருஷத்துக்கு முன் தென்னமெரிக்காவில், பொத்தோசி மலையைக் குடைந்து ஸ்பெயின்காரர்கள் எடுத்த வெள்ளி. மூழ்கிய கப்பலோடு கடலடியில் கிடந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் ஹஃபீஸா, காயல்பட்டினத்துப் பெண், காலையிலேயே சொல்லியிருந்தார்.

"காத்துப் புகாத கண்டெய்னர் அண்ணே. பூட்டுறதுக்கு முந்தி ஆளை எண்ணிருங்க."

"அது நம்ம வழக்கம்தானே மேடம்."

12:30. பெட்டியைக் கண்டெய்னரில் ஏற்றியாயிற்று. வெயில்கால இடைவேளை. எட்டு ஆட்களும் ஷூவைச் சுவரோரம் கழற்றி வைத்தார்கள். அட்டையை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்தார்கள். யேசுராஜ் மட்டும் முனகினான். கிளிட்டஸின் மனைவிக்குத் தம்பி. ஊரிலிருந்து வந்து இருபது நாள்தான் ஆகிறது.

"அத்தான், கண்டெய்னர்ல ஏசி ஓடுது. அங்க போய்க் கிடக்கட்டா?"

"லேய், அது வெள்ளிக்குப் போட்ட ஏசி. உனக்கில்ல. படுல."

2:35. டிரைவர் யஹ்யா ஹாரன் அடித்தான். "யல்லா பாய், ஜல்தி!"

கிளிட்டஸ் படுத்திருந்தவர்களை எண்ணினான். எட்டு.

எட்டாவது ஆளின் பாதம் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. கல்தூளை அப்பியது போல. பக்கத்தில் கொழுப்பு கருகும் வாடை... யாரோ சாப்பாடு சூடு பண்ணியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

கணக்குச் சரி.

2:41. கதவைச் சாத்தினான். சீல் வைத்தான். லாரி உறுமியது.

"எழும்புங்கடே!"

எழுந்தார்கள். ஷூவை மாட்டினார்கள்.

சுவரோரம் ஒரு ஜோடி மிச்சம்.

மறுபடி எண்ணினான். ஏழு.

எட்டாவது அட்டையில் ஆள் இல்லை. சாம்பல் தூள். நடுவே ஒரு சொட்டு மெழுகு... சூடு ஆறவில்லை.

ஷூ யேசுராஜுடையது.

"யஹ்யா பாய்! ரோக்கோ! ரோக்கோ!"

கேட்டில் லாரி நின்றது. சீலை வெட்டினான். பெட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான் யேசுராஜ். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வலது கைக் கட்டைவிரல் கொப்பளித்திருந்தது.

"இருட்டுல ஒருத்தன் எண்ணினான் அத்தான்... தலையத் தொட்டுத் தொட்டு. என் தலையில வந்து... நிறுத்திட்டான்."

3:20-க்கு லாரி புது சீலோடு கிளம்பியது. அதற்குள் கிளிட்டஸ் ஆறு முறை எண்ணிவிட்டான். துண்டை விலக்கச் சொல்லி, முகம் பார்த்து.

சாயங்காலம் நடந்ததை ஹஃபீஸாவிடம் சொன்னான்.

"கட்டைவிரலா அண்ணே? அந்த வெள்ளிச் சுரங்கத்துல கூலிங்க கட்டைவிரல்ல கொழுப்பு மெழுகுவத்தியக் கட்டிக்கிட்டுத்தான் ஏணி ஏறுவாங்க. ஊருக்கு இத்தனை ஆள்னு கணக்கு. ஒருத்தன் குறைஞ்சா வேற ஒருத்தனப் பிடிச்சு உள்ள அனுப்பிருவாங்க. எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது."

மூன்றாம் நாள் காலை 10:15. ஹஃபீஸாவின் போன்.

"சோஹார் குடோன்ல ஒரு ஜோடி ஷூ அநாதையா கிடக்காம். உங்க ஆளு யாராவது விட்டுட்டு வந்தாங்களான்னு கேக்குறாங்க."

"எங்க ஆளு யாரும் அங்க போகலியே மேடம். அங்க உள்ள ஆள்ல யாராவது குறையுதா?"

"இல்லண்ணே. தெனமும் மத்தியானம் படுத்திருக்கையில எண்ணுறாங்களாம். சரியா இருக்காம்."



"மேடம்... அந்தக் காலி கண்டெய்னர்?"

"அது பெட்டிய இறக்கின அன்னைக்கே பூட்டி, வெயில்ல ஓரமா நிறுத்தியாச்சு. ஏண்ணே?"