காய்ச்சிய உறைமோர்

கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, என் அம்மா சீர்ச் சாமான்களோடு ஒரு சின்னப் போசியில் தயிரும் கொடுத்தனுப்பினாள். வண்டி குலுங்கிச் சிந்திவிடக் கூடாதென்று வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் அதில் ஒரு கரண்டி எடுத்து எருமைப் பாலில் உறை ஊற்றினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் தயிர் என்றால் என் தயிர்தான். சட்டியைச் சாய்த்தாலும் அசையாது. அப்படி ஒரு தயிர் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் உறையவில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. வருஷம் போய்க்கொண்டிருந்தது. விசேஷ வீடுகளில் என் மாமியாரிடம், "மருமகளுக்கு இன்னும் ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்பார்கள். "அதெல்லாம் ஆகுமுங்க. அவ உறை ஊத்துன தயிரைத் தின்னு பாத்தீங்களா?" என்று மாமியார் பேச்சைத் திருப்பிவிடுவார். நான் நாலு பேருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க அந்தத் தயிர் ஒன்றுதான் இருந்தது.

என் கொழுந்தனார் பாகம் பிரிந்து பக்கத்து வீட்டுக்குக் குடிபோன அன்று, அவர் பெண்சாதி, என் ஓரகத்தி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உறைமோர் கேட்டு வந்தாள். விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பார்கள்.

"வெளக்கு வெச்சாச்சு அம்மணி. காத்தால வா."

"பாலு ஆறிக் கெடக்குதுங்கக்கா."

"கெடந்தாக் குடிச்சுப்போட்டுப் படு."

காலையில் மறுபடி வந்தாள். கொடுத்தேன். கொடுக்கும்போது, "எங்கம்மா ஊட்டுத் தயிரு. பதனமாக் கொண்டு போ" என்றும் சொன்னேன்.

கோயமுத்தூரில் வெள்ளாமைக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பங்குனியில் ஊரே கிளம்பியது. நாங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் கிணத்துக்கடவில் ரயிலேறினோம். மாமியாரும் நாத்தனாரும் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கட்டுச்சோற்றோடு ஒரு போசித் தயிரையும் நான் எடுத்துக்கொண்டேன்.

இரும்புக் கலப்பை, தண்ணீர் இறைக்கும் எஞ்சின் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு கொட்டகைக்குள் போனோம். அங்கே மேஜைமேல் மைக்ராஸ்கோப்பு என்ற ஒரு குழாய்க் கண்ணாடி இருந்தது. இளவயசு வாத்தியார் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பேதி வந்து ஊர் காலியாவதும், அடைப்பான் கண்டு மாடு சாவதும் காற்றுக் கருப்பால் இல்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் என்றார். எந்தக் காலத்திலோ சீமையில் ஒரு துணி வியாபாரி கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, தன் பல்லு அழுக்கிலேயே அந்த உயிர்களைப் பார்த்தாராம்.

பிறகு, கொக்குக் கழுத்துப்போல் மூக்கு வளைந்த கண்ணாடிக் குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறி வேகவைத்த சாறு. காய்ச்சி வைத்து வெகுநாளாகியும் தெளிவாக இருந்தது. பக்கத்தில் மூக்கு உடைந்த குப்பியில் அதே சாறு கலங்கிப் போயிருந்தது.

"அழுகல் தானா உண்டாகறதில்லீங்க. தூசியோட அந்த உயிருக வந்து உள்ள விழுந்தாத்தான் உண்டு. இதுல மூக்கு வளைஞ்சிருக்கிறதால உள்ள போக முடியல. இருந்ததெல்லாம் காய்ச்சும்போதே செத்துப்போச்சு. பிரான்சு தேசத்துல ஒருத்தர் இப்படிச் செஞ்சு காட்டித்தான் பெரிய பெரிய பண்டிதருக வாயை அடைச்சாருங்க."

அதன் பிறகு, "ஊட்டுல இருந்து தண்ணி, பாலு ஏதாச்சும் கொண்டாந்திருந்தாக் குடுங்க, பாக்கலாம்" என்றார். கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் போசியை நீட்டினேன்.

"எங்க தயிரைப் பாருங்க. ஒரு தூசி இருந்தாச் சொல்லுங்க."

அவர் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தார். விளக்கில் வாட்டி, நீலச் சாயம் விட்டுக் கழுவி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் குழாய்க்கு அடியில் செருகினார். முதலில் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். வட்டமான வெளிச்சத்துக்குள் நீலநீலமாய்க் குச்சிகள். கோத்த பாசிமணிபோல் சரம்சரமாய் உருண்டைகள். இண்டு இடுக்கில்லாமல் கிடந்தன. நான் நகர்ந்து நின்றேன். பின்னாலிருந்த ஆள் குனிந்து பார்த்தார்.

"அட, புழுவுங்க."

"எதுலீங்க?"

"இந்தம்மா தயிருலீங்க. அவிங்க சொன்னாப்பல தூசி ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் உசுருதான்."

கொட்டகை சிரித்தது. என் வீட்டுக்காரர் மேலே பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார். ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வாத்தியார் கையைத் தூக்கி என்னமோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை. வெளியே வந்து, ஒரு வேப்பமரத்தடியில் போசித் தயிரை அப்படியே கவிழ்த்துவிட்டேன். மத்தியானம் கட்டுச்சோற்றுக்குத் தயிர் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மறுநாள் என் நாத்தனாரைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வருவதாக இருந்தது. வீடு வந்து சேர்ந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். உறைக்கு வைத்திருந்த தயிரை எடுத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். திரிந்து தண்ணீராக நின்றதை வடிகட்டி, ஆறவைத்துப் பாலில் ஊற்றினேன். மீதிப் பழைய தயிரை மாட்டுக் கழனித்தண்ணியில் கொட்டி, சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இனி என் தயிரில் எவனும் புழுக் காட்ட முடியாது என்று படுத்தேன்.

காலையில் மாமியார்தான் மூடியைத் திறந்தார்.

"ஏனம்மணி, ஊத்துன பாலு ஊத்துனாப்பலயே இருக்குது?"

சொன்னேன். அவர் மூடியைக் கீழே வைத்தார்.

"வெதைச் சோளத்தை வறுத்துப்போட்டு வெதைச்சிருக்கறயே கண்ணு. மிச்சம் வெச்சிருக்கறயா?"

"இல்லீங்கத்தை."

"வர்றவிங்க முன்னால பாலு உறையலீன்னு சொன்னா, பாலைச் சொல்ல மாட்டாங்க. உன்னைத்தான் சொல்லுவாங்க." திட்டிச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பக்கத்தூட்டுல போயி வாங்கிக்கிட்டு வா."

அந்த ஒரு சுவரைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. ஓரகத்தி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, இந்நேரத்துல?"

"உறைக்குக் கொஞ்சம் தயிர் வேணும்."

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"எங்கூட்டுத் தயிருல புழுவிருக்குதுங்களே. பரவாயில்லீங்களா?"

நான் கிண்ணத்தை நீட்டினேன். உள்ளே போனவள் பேசிக்கொண்டே வந்தாள்.

"நீங்க போனபொறகு அந்த வாத்தியார் சொன்னாருங்க. அதுக கெடுதல் பண்ணாத சாதியாமுங்க. அதுக இருந்தாத்தான் பாலு உறையுமாமுங்க. கெட்டது ஒண்ணுகூடக் கலக்காம இத்தனை சுத்தமான தயிரை இந்தக் கொட்டாயில பாக்கவே இல்லீன்னாரு."

"அதை நேத்தே சொல்றதுதானே?"

"ரயில்ல உங்க மொகத்தைப் பாத்துப்போட்டு ஆருங்க சொல்லுவா?"

கிண்ணம் நிறையக் கொடுத்தாள். என் அம்மா கொடுத்து, நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த அதே தயிர்தான். "பதனமாக் கொண்டு போங்க" என்றாள். முந்தானையால் மூடிக்கொண்டு, திருட்டுச் சாமான் போலக் கொண்டுவந்தேன்.

அடுப்போரத்துச் சூட்டில் பொழுது சாய்வதற்குள் நன்றாக உறைந்துவிட்டது. அன்று ராப்பந்தியில் வந்தவர்களில் பெரியவர் ஒருவர் இரண்டாந்தரம் வாங்கிக்கொண்டு, "தயிரு ஆரு கைங்க?" என்று கேட்டார்.

"எங்க பெரிய மருமக கைதானுங்க. அவ அம்மா ஊட்டு உறை" என்றார் மாமியார்.

ஓரகத்தி அந்தப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கொடுத்த உறை என்று நான் சொல்லவில்லை. குனிந்தபடியே அடுத்த இலைக்குப் போனேன்.

எனக்கு அப்புறம் பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தியும் கண்டுவிட்டேன். உறைமோர் கேட்டு யார் வந்தாலும், விளக்கு வைத்த பின்னாலும், கொடுத்துவிடுகிறேன். லட்சுமி போவதானால் போகட்டும். என் ஓரகத்திக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க வாய்க்கவில்லை. அவள் வீட்டுப் பால் ஒரு நாளும் உறையாமல் இருந்ததில்லை.