தையலம்மாள் கேட்ட அர்த்தம்

விழுப்புரத்து ரயில் வில்லியனூரில் வந்து நின்றால், தையலம்மாள் கத்தரிக்காய்க் கூடையைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்துவிடுவாள். கால்சட்டை போட்டவராகப் பார்த்து வழிமறிப்பாள். வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் கேட்பாள்.

“ஐயா, மிஸ்ஸிங்னா இன்னா?”

காணவில்லை என்பார் ஒருவர். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்பார் இன்னொருவர். செத்துப்போனது என்று ஒருவரும் சொன்னதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு கூடைக்குத் திரும்பினால், அடுத்துக் காய் வாங்க வருகிறவருக்கு இரண்டு காய் கூடுதலாக விழும்.

உறுவையாற்றுக்காரி. அவள் புருஷன் சாமிக்கண்ணு கடலூருக்குப் போய் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவன். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்தபோது அங்கே இருந்தான். அதன்பிறகு பட்டாளத்து ஆபீசிலிருந்து வந்த தாளில் அவன் பெயருக்கு எதிரே இருந்த சொல்தான் மிஸ்ஸிங்.

யுத்தம் முடிந்ததும் இன்னொரு தாள் வந்தது. பிரிஸ்யூம்டு டெட். கொழுந்தன் சுப்புராயன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு உறவுக்காரர்களைக் கூட்டிவிட்டான்.

“டெட்டுன்னா செத்துப்போனதுன்னு எனக்கே தெரியும் அண்ணி. தாலிய கழட்டிடு. காரியம் பண்ணாம அண்ணன் ஆவியா அலையுது.” அவனும் அழுதுகொண்டுதான் சொன்னான்.

“முன்னாடி ஒரு வார்த்த கீதே, அதுக்கு இன்னா அர்த்தம்?”

தாளைப் படித்துச் சொல்ல வந்திருந்த துணிக்கடை காஜா மொய்தீன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அப்படி நெனைச்சுக்கறதும்மா. ஆளையும் பாக்கல, பொணத்தையும் பாக்கல. ரொம்ப நாளாயிடிச்சு, இருக்கமாட்டாருன்னு வெச்சுக்கறது. கோர்ட்லயும் அப்படித்தான் பேசுவாங்க.”

தையலம்மாள் சிரித்தேவிட்டாள்.

“நெனைச்சுக்கறாங்களாமே! அவுங்க நெனைச்சா எம் புருசன் செத்துடுவாரா? ஒடம்பக் கொண்டாந்து காட்டட்டும். நானே கழட்டறேன். அதுவரிக்கும் எவனாச்சும் எங் கழுத்துக்கிட்ட வந்தீங்க, கைய ஒடிச்சிடுவேன்!”

காரியம் நடக்கவில்லை. ஆனால் ஊரும் தன் பங்குக்கு நினைத்துக்கொண்டது. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவது நின்றது. எதிரே வரும் பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் மனசுக்குள்ளும் பயம் இல்லாமல் இல்லை. யாராவது புருஷனைப் பற்றி ‘இருந்தார்’ என்று பேசினால் அவள் முகம் வெளுத்துவிடும். மறு நொடியே, “இருக்காருன்னு சொல்லு” என்று சண்டைக்கு நிற்பாள்.

சாமிக்கண்ணுவின் வயலில் நடவு வந்தது. முதல் நாற்றை வைக்க வேண்டியவள் சுமங்கலி. சுப்புராயன் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியை அழைத்து வந்திருந்தான். அவள் கட்டிவைத்த நாற்று முடியோடு வரப்பில் நின்றாள். தையலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

“குடுடி.”

கஸ்தூரி சுப்புராயனைப் பார்த்தாள். தையலம்மாள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் கஸ்தூரி குனிந்து நாற்று முடியைக் கொடுத்தாள்.

தையலம்மாள் முதல் நாற்று வைக்கும் ஈசானி மூலைக்கு நடந்து போனாள். நாற்றுக் கட்டை அவிழ்த்து, நாலு நாற்றைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் அழுத்தி நட்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த நாலைப் பிரித்தாள்.