பகல் ஒன்று முதல் மூன்று வரை: ஜேர்மன் பாடத்துக்காக நயினாதீவு போய் வந்தது

வாசிப்பவர்களின் நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக, சொல்லப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்தி விடுகிறேன்.

1. அறுபத்தேழு வயதில் ஒருவன் ஜேர்மன் படிப்பதும், அதற்காக நயினாதீவு போக வேண்டி வந்ததும்.
2. காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சுற்றாமல், ஊர்காவற்றுறை வழியாக நயினாதீவுக்குப் போகும் விதம்.
3. ஒரு வீட்டுக் கேற்றில் ‘அமைதி நேரம்’ என்று பலகை போட்டிருந்தால், அது முடியும்வரை வெளியே நிற்பதே முறை என்பது.
4. ஒலிப்பதிவு.
5. போகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்.

இவற்றில் மூன்றாவதைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவற்றில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் காணிப் படம் வரைந்தவன். எங்கள் கந்தோரில் ஜேர்மனியில் செய்த ஓர் அளவுக் கருவி இருந்தது. அதோடு வந்த கையேடு ஜேர்மன் மொழியில் இருந்தபடியால் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஓய்வு பெற்றபோது அந்தக் கையேட்டை எனக்குத் தந்தார்கள். அதை வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான், தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் மொழி, இலக்கியம், பண்பாடு என்ற பட்டப்படிப்புக்கு வெளிவாரி மாணவனாகச் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் கையேட்டை வாசித்து முடித்தேன். கருவியைக் கடற்காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் கந்தோர் கடலிலிருந்து எண்பது மீற்றர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் இலக்கியப் பாடம் பிடித்துவிட்டது. இருநூறு வருடத்துக்கு முந்திய கவிதைகளில் இளைஞர்கள் காட்டுக்குள் நின்று நிலவிடம் முறையிடுவார்கள். நாங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. பண்பாட்டுப் பாடம் அப்படியல்ல. ஜேர்மனியில் பத்து வருடமாவது வாழ்ந்த ஒருவரோடு, அந்த நாட்டு வழக்கம் ஒன்றைப் பற்றி, இருபது நிமிடம் ஜேர்மனில் கதைத்து ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. முதல் முறை மச்சான் ஒருவரோடு போனில் கதைத்து அனுப்பினேன். தாள் புரட்டும் சத்தம் பதினொரு இடத்தில் கேட்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறையும் தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள். நான்கு வருடப் படிப்பு அத்தோடு சரி. கடைசித் தவணை திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி. நான் புறப்பட்டது சனிக்கிழமை காலை. அதற்கு முன் புறப்படாததற்குக் காரணம் பயம். தெரியாத ஒருவரிடம் தமிழில் நேரம் கேட்பதற்கே எனக்கு இரண்டு முறை ஒத்திகை வேண்டும்.

போய்ச் சந்திக்க வேண்டியவர் நயினாதீவில் ஒரு சிறு கோயிலின் ஐயர். ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் கட்டிய கோயில் ஒன்றில் பதினெட்டு வருடம் பூசை செய்துவிட்டு, மனைவியோடு ஊர் திரும்பியவர். போனில் கேட்டபோது, “மத்தியானமளவிலை வாங்கோ” என்றார்.

காரைநகர்த் துறையில் 8.40க்குப் பாதையில் ஏறினேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போகும் தட்டையான மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். கட்டணம் இல்லை, பத்து நிமிடம். நயினாதீவுப் படகு புறப்படும் குறிகாட்டுவானுக்குப் போகிற பஸ் ஊர்காவற்றுறையில் நின்றது. இதுதானா என்று மூன்று பேரிடம் கேட்டு உறுதிப்படுத்துவதற்குள் அது போய்விட்டது. அடுத்தது வரும் வரும் என்று 10.40 வரை நின்றுவிட்டு ஓட்டோ பிடித்தேன். 22 கிலோமீற்றர், 2,400 ரூபா. கரம்பொன், வேலணை, பிறகு கடலுக்கு நடுவே நீளும் தாம்போதி, புங்குடுதீவு, மடத்துவெளி, குறிகாட்டுவான். சாரதிக்கு ஐம்பது வயது இருக்கும்.

“கோயிலுக்கோ ஐயா?”

“இல்லைத் தம்பி. ஜேர்மன் கதைக்க.”

ஓட்டோவின் வேகம் குறைந்தது. “விசா வந்திட்டுதோ?”

“விசாவுக்கில்லை. கம்பசிலை படிக்கிறன்.”

“பிள்ளையள் அங்கையோ?”

“மகள் கொழும்பிலை.”

வேலணையில் மறுபடி வேகம் எடுத்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அங்கை போறேல்லையெண்டால் பிறகேன் படிக்கிறியள்?” என்றார்.

தாம்போதி முடியும்வரை யோசித்து, “கவிதை வாசிக்க” என்றேன்.

“என்ரை மச்சான் ஆறு மாசம் படிச்சுப் பாஸ் பண்ணி, இப்ப அங்கை பீட்சா போடுறான். நீங்கள் எத்தினை மாசம்?”

“நாலு வருசம்.”

“ஆறுதலாப் படியுங்கோ” என்றார் இரக்கத்தோடு.

குறிகாட்டுவானில் நெடுந்தீவுப் படகும் அதே துறையில்தான் நிற்கும். அது ஒரு மணித்தியாலப் பயணம். எந்தப் படகு என்பதை ஏறமுதல் கேளுங்கள். நான் ஏறி இருந்து, உயிர்காப்பு அங்கியையும் கட்டிய பிறகு கேட்டேன். இறங்குவதற்குள் நயினாதீவுப் படகு போய்விட்டது. அடுத்தது 12.30க்கு, ஆளுக்கு நூறு ரூபா. இருபது நிமிடத்தில் கரை. அங்கியை நான் போட்ட முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியாமல், படகுக்காரர் அவிழ்த்துவிட்டார். அங்கிருந்து 1,180 அடி நடந்தால் ஐயர் வீடு. அடி என்பது என் காலடி.

நீலக் கேற். அதில் வெள்ளைப் பெயின்றால் எழுதிய பலகை. மேலே தமிழிலும் கீழே ஜேர்மனிலும், ‘அமைதி நேரம், பகல் 1 – 3’. என் கடிகாரத்தில் 1.04.

ஜேர்மனியில் மதிய நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அயலவரைக் குழப்பாமல் இருக்கும் வழக்கத்தைப் பற்றி எங்கள் பாடநூலில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதில் எனக்கு எழுபத்தெட்டுப் புள்ளி. நான்கு நிமிடம்தானே என்று தட்டியிருக்கலாம். ஆனால் பண்பாட்டுப் பாடத்துக்கு வந்தவன் பண்பாட்டை மீறிக்கொண்டா உள்ளே போவது? எதிரே இருந்த பூவரச மரத்தடியில் நின்றேன். 1.40க்குத் தண்ணீர்ப் போத்தல் முடிந்தது. மனப்பாடம் செய்ய வைத்திருந்த நாற்பது கேள்வி அட்டைகளில் பன்னிரண்டை 2.05க்கு ஓர் ஆடு தின்றது. சத்தம் போட்டு விரட்டலாமா என்று யோசித்தேன், அமைதி நேரம்.

சைக்கிளில் வந்த ஒரு பெண் நிறுத்தினார். “ஆரைப் பாக்க நிக்கிறியள்?”

“ஐயரை” என்றேன் மெதுவாக.

“ஐயர் உள்ளுக்கைதானே நிக்கிறார். யன்னலாலை உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

“ஓம். மூண்டு மணிக்குத்தான்.”

அவர் யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிள் மணியடிக்காமல் போனார்.

சரியாக மூன்று மணிக்குக் கேற் திறந்தது. “ஒரு மணியிலையிருந்து நிக்கிறியள். பாத்தனான்” என்றார் ஐயர்.

“பலகையைப் பாத்தனான் ஐயா.”

“ஜேர்மன் படிக்கிற மனுசன், நேரத்துக்கு முதல் திறந்தால் என்ன நினைப்பாரோ எண்டுதான் நானும் திறக்கேல்லை.”

“அப்பிடித்தான் நானும் தட்டேல்லை.”

இருவருக்கும் மிகுந்த திருப்தி. குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “மூண்டு பேருக்குச் சோறு போட்டு வைச்சு, ஆறிப் போச்சு.”

நான்கு மணிக்கு ஐயருக்கு மாலைப் பூசை. ஆகவே சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு 3.08க்குப் பதிவைத் தொடங்கினோம். முதல் எட்டு நிமிடம் ஐயர் அருவி போலக் கொட்டினார். அங்கே போன முதல் வருடம் ஓமப் புகையில் அபாய மணி அடித்து, இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து, கோயிலுக்குள் சப்பாத்தோடு ஏறிவிட்டார்களாம். அடுத்த வருடம் முறைப்படி விண்ணப்பம் போட்டாராம். நெருப்பு எதற்காக என்ற கட்டத்தில் ‘ஒன்பது கிரகங்களுக்காக’ என்று எழுதினாராம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஓர் அதிகாரி வந்து, கதிரை போட்டிருந்து ஓமத்தைப் பார்த்து, பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் போவாராம்.

ஒன்பதாம் நிமிடத்தில் ஐயர் நின்றுவிட்டார். விண்ணப்பப் படிவங்களில் இருக்கும் ஜேர்மன்தான் அவருக்கு வரும் என்பது அப்போதுதான் விளங்கியது. என்னிடம் மிஞ்சியிருந்த அட்டைகளை எடுக்கக் கூடாது. போனில் வினாடிகள் ஓடின. நாற்பது வினாடி சுத்த அமைதி. பெயர் வெட்டுப்படுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பழைய கவிதை ஜேர்மனில் வாயில் வந்ததைக் கேட்டேன்: அந்த மதியப் பொழுதின் மௌனத்திலே, ஐயா, தங்கள் உள்ளம் யாது உணர்ந்தது?

குசினிக்குள் பலத்த சிரிப்பு. கையைத் துடைத்துக்கொண்டு ஐயரின் மனைவி, அந்த அம்மா வந்தார். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பதினாறு வருடம் வேலை செய்தவராம். ஜேர்மனில்தான் தொடங்கினார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: “இப்பிடி அங்கை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கல்லறையிலைதான் எழுதியிருக்கும். அதை விடுங்கோ. வெயிலுக்கை நிண்டனீங்களே, ஏன் தட்டேல்லை?”

அமைதி நேரம் என்றேன்.

“அந்த நேரத்திலை புல்லு வெட்டுற மெசினைப் போடக் கூடாது. தண்ணி விடாய்ச்சு வந்த மனுசனை றோட்டிலை நிப்பாட்டச் சொல்லி எந்த நகரசபை சொன்னது?”

ஐயர் சட்டம் பேசினார். நானும் விடவில்லை. விதி என்றால் விதி, ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று கேட்டேன். வயதான இரண்டு ஆம்பிளைகள் யன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் முடியும் என்றார் அம்மா. பாடநூலைச் சொன்னேன். எழுதியவர் சாப்பிட்டுவிட்டுத்தானே எழுதியிருப்பார் என்றார். அவ்வளவும் ஜேர்மனில். கடைசியில் ஐயர் எழும்பிப் பூசைக்குப் போனபோது போனைப் பார்த்தேன். முப்பத்தொரு நிமிடம்.

ஆறிய சோறும் முருங்கைக்காய்க் கறியும் சாப்பிட்டேன். அம்மா சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல மனதோடு சொன்னார், ஆனால் பாடநூலை அவர் வாசித்ததில்லை. ஐந்து மணிப் படகில் திரும்பி, குறிகாட்டுவானில் பஸ் எடுத்து யாழ்ப்பாணம் வழியாக வீடு வந்தேன்.

பதிவைத் திரும்பக் கேட்டுப் பிழைகளை எண்ணினேன். ஒருவரோடு உரையாடச் சொன்னார்கள், இதில் இருவர். வழக்கத்தை விளக்கச் சொன்னார்கள், இதில் பாதிக்கு மேல் எனக்குப் பேச்சு விழுகிறது. அம்மா வரும் பகுதியை வெட்டினால் எட்டு நிமிடமும் நாற்பது வினாடி அமைதியும்தான் மிஞ்சும். வெட்டவும் எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் படகு எப்போது என்று இறங்கும்போதே கேளுங்கள், திருவிழாக் காலத்தில் மாறும். தண்ணீர் இரண்டு போத்தல் வேண்டும். குறிப்புகளைச் சட்டைப் பைக்குள் வையுங்கள், ஆடுகள் தாளை விரும்புகின்றன. பஸ்ஸை ஒருவரிடம் கேட்டால் போதும்.

மேலே உள்ளதை எழுதி மூன்று கிழமையாகிறது. நேற்றுப் பெறுபேறு வந்தது. ஐம்பத்துநான்கு புள்ளி, சித்தி, அதாவது பாஸ். பரீட்சகர் சில வருடம் ஜேர்மனியில் வாழ்ந்த ஓர் அம்மையார். கீழே அவர் எழுதியிருந்ததை மொழிபெயர்த்துத் தருகிறேன்: முதல் ஒன்பது நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி. மிச்சம் முழுவதும் நீங்கள் சண்டை பிடித்ததற்கு. நான்கு வருடத்தில் முதல் தடவையாக நீங்கள் யோசிக்காமல் பேசியிருக்கிறீர்கள். ஆனால் சண்டையில் அந்த அம்மா சொன்னதுதான் சரி. அமைதி நேரத்தில் மணியை அடிக்கலாம், அவர்கள் திறப்பார்கள்.

உடனே நயினாதீவுக்குப் போன் எடுத்தேன். எடுத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன், பகல் ஒன்று இருபது. முதல் மணியிலேயே அம்மா எடுத்தார்.

ஆகவே பட்டியலில் மூன்றாவதுதான் பிழை. தட்டுங்கள்.