கதவில் இல்லாத தூசி

பெயிண்டருக்குத் தூசியைக் கண்டால் ஆகாது. பகையாளியைக்கூட மன்னித்துவிடுவார், காயாத பெயிண்ட் மேல் வந்து உட்காரும் தூசியை மன்னிக்க மாட்டார். அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ‘தூசி மாமா’ என்றே பெயர். பெயர் வைத்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை அவனுக்கு. மனைவிக்கு மாஸ்கிங் வேலை. பெயிண்ட் படக்கூடாத கண்ணாடி, விளக்கு, ரப்பர் எல்லாவற்றையும் தாளும் டேப்பும் ஒட்டி மூடுவாள். கட்டின கணவனோடு ஒரே கூரையின் கீழ் நாள் முழுக்க வேலை செய்வது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் அவளைக் கேட்கலாம். கேட்டால் சாயங்காலம் வரை சொல்வாள்.

அன்றைக்கு ஒரு வெள்ளைக் காரின் கதவு. அடித்து முடித்து ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தவர், “இங்க வா!” என்று ஒரு கத்து கத்தினார்.

“என்ன இது?”

“எது?”

“கண்ணு எங்க இருக்கு உனக்கு? மிளகுத்தூளைத் தூவின மாதிரி கறுப்புக் கறுப்பா கிடக்கு, தெரியலையா?”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கதவு பளிங்கு மாதிரி இருந்தது. “ஒண்ணுமே இல்லைங்களே” என்றாள்.

“உனக்கு எப்பதான் தெரிஞ்சிருக்கு? எல்லாம் உன் தலைமுடியால வர்ற தூசி. போய்க் கட்டிக்கிட்டு வா.”

கட்டிக்கொண்டு வந்தாள். கதவைக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்தார். மறுபடி தூசி. இந்தத் தடவை குற்றவாளி மச்சானுடைய கிரைண்டர். அடுத்தது கம்ப்ரெஸர். அதற்கும் அடுத்தது பெயிண்ட் கம்பெனிக்காரன். தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தெளித்து அவளுக்கு இடுப்பு ஒடிந்தது. இதில் பெரிய கூத்து, இருக்கிற தூசியை அவரால் தொட்டுக் காட்ட முடியவில்லை. விரலைக் கொண்டுபோனால் புள்ளி கொஞ்சம் தள்ளி நழுவுமாம். “பறக்குது பார், பறக்குது! எவன்டா ஃபேனைப் போட்டது?” என்று ஓடாத ஃபேனுக்கும் சேர்த்துத் திட்டினார்.

போதாக்குறைக்கு இன்னொரு புகாரும் கிளம்பியது. கண்ணோரத்தில் பளிச் பளிச்சென்று வெட்டுகிறதாம்.

“உன் தம்பியை மறைவா நின்னு வெல்டிங் அடிக்கச் சொல்லு. கண்ணு கூசுது.”

“அக்கா, நான் வெல்டிங் மிஷினைத் தொட்டே ஒரு வாரம் ஆச்சு” என்றான் தம்பி.

வீட்டுக் குளியலறையில் பல்பு ஃபியூஸ் போயிருந்தது. அந்த இருட்டில் முகம் கழுவும்போதும் பளிச்சென்றது என்று வந்து சொன்னார்.

“என் தம்பி பாத்ரூம் வரைக்கும் வந்து வெல்டிங் அடிக்கிறானா?” என்று கேட்டாள்.

“முன்னாடி பார்த்த வெளிச்சம் கண்ணுக்குள்ள நின்னுபோச்சு. தானா சரியாயிடும். எனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்று உண்டா? வயசாக ஆகக் குணம் முற்றுகிறது என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள். கண்ணில் கோளாறு இருக்கும் என்று ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை. ஒரே வெள்ளையில் பத்து வெள்ளையைப் பிரித்துச் சொல்கிற கண் அது. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

கடைசியில் ஒரு காலையில் கதவு ஒருவழியாகத் தேறியது. அடித்த இடம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, இடது கண்ணை மூடிக்கொண்டு, கதவின் ஓரத்தில் முகத்தை வைத்து வெளிச்சம் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். அப்படிப் பார்த்தவர் அவள்மேல் எரிந்து விழுந்தார்.

“மாஸ்கிங் தாளை எடுக்காம அப்படியே விட்டு வெச்சிருக்கியே! கீழ் மூலையில கறுப்பா நிக்குது பார்.”

“நான் எல்லாத்தையும் எடுத்தாச்சுங்க.”

“அப்ப இது என்ன? கிழிச்சு எடு!”

அந்த மூலையில் தாளும் இல்லை, டேப்பும் இல்லை. இல்லாத தூசி, இல்லாத வெல்டிங், இப்போது இல்லாத தாள். அவர் எதிரில் போய் நின்று, அவருடைய வலது கண்ணைத் தன் கையால் பொத்தினாள்.

“இப்பத் தாள் இருக்கா?”

“இல்ல. நீதான் எடுத்துட்டியே.”

கையை இடது கண்ணுக்கு மாற்றினாள். “இப்ப?”

“மறுபடி எதுக்கு ஒட்டினே?”

“கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவரோ கல் மாதிரி நின்றார். காருக்குக் கடைசிக் கோட்டு பாக்கியாம், வெள்ளிக்கிழமை டெலிவரியாம், அப்புறம் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிக்கொண்டால் போதுமாம், வலியே இல்லையாம்.

“அந்தக் காருக்கு ஆயிரம் பெயிண்டர் கிடைப்பான். உங்க கண்ணுக்கு எந்த ஒர்க்‌ஷாப்புல டெலிவரி குடுப்பாங்க? நடங்க!” என்றாள். தம்பி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்ததும், டாக்டரம்மா விளக்கைப் போட்டு நீண்ட நேரம் உள்ளே பார்த்தார்.

“எப்பத்திலேர்ந்து இப்படி?”

“இன்னிக்குக் காலையிலதான்” என்றார் பெயிண்டர், கூசாமல்.

“பொய் சொல்றாரு டாக்டர்! ரெண்டு வாரமா இல்லாத தூசிக்கு எங்க உயிரை வாங்கிட்டிருந்தாரு. பளிச்சுன்னு வெட்டுதுன்னு என் தம்பியை வேற திட்டினாரு.”

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். “கண்ணுக்குள்ள பின்பக்கத்துல விழித்திரைன்னு ஒண்ணு, சுவத்துல ஒட்டின தாள் மாதிரி இருக்கு. அது ஒரு இடத்துல கிழிஞ்சு, அது வழியா நீர் இறங்கி, உரிஞ்சு வருது. திடீர்னு புள்ளி புள்ளியா கொட்டிச்சு, ஓரத்துல மின்னுச்சுன்னா அன்னிக்கே வரணும். கிழிசல் மட்டும் இருந்தப்பவே வந்திருந்தா, லேசர்ல ஓரத்தை அடைச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நிழல் விழற வரைக்கும் உட்கார்ந்திருக்கீங்களே!”

“வலிக்கவே இல்லையே டாக்டர்.”

“இது வலிக்காது. அதுதான் வம்பே. வயசானா சில பேருக்குப் புள்ளி சும்மாவும் தெரியும், ஆபத்தில்லை. ஆனா எது சும்மா, எது கிழிசல்னு உள்ள பார்த்தவங்கதான் சொல்ல முடியும். நல்ல வேளை, நடுப்பார்வை இருக்கிற இடம் இன்னும் பிரியலை. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். எவ்வளவு பார்வை நிக்கும்னு இப்பச் சொல்ல மாட்டேன்.”

“வெள்ளிக்கிழமைக்கு மேல வெச்சுக்கலாமா? ஒரு கோட்டுதான் பாக்கி.”

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “எப்பவுமே இப்படித்தானா?”

“கல்யாணம் ஆனதிலேர்ந்து” என்றாள் அவள்.

ஆபரேஷன் முடிந்தது. உரிந்த திரை ஒட்டிக்கொள்ள உள்ளே வாயுவை அடைத்திருந்தார்கள். அது கரைகிறவரை அந்தக் கண்ணில் எதுவும் சரியாகத் தெரியாது, முதல் நாட்களில் குப்புறவே படுக்க வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பயம். பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். திரும்பிப் படுக்கப் பார்த்தபோதெல்லாம் அதட்டினாள், ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த போனைப் பிடுங்கி வைத்தாள்.

ஆனால் அதட்டுவதற்கும் வேலை குறைந்துகொண்டே வந்தது. மனிதர் அடங்கிப்போனார். குழம்பில் உப்பு அள்ளிப் போட்டுவிட்டாள், பேசாமல் சாப்பிட்டார். தம்பி வந்து கதவைப் படாரென்று சாத்தினான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு நாள் வாயை மூடமாட்டாரா என்று ஏங்கியவளுக்கு, அந்த அமைதியை ஒரு வேளைகூடத் தாங்க முடியவில்லை.

வாயு கரைந்துவிட்டதா என்று பார்க்கிற நாளில் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஆபரேஷன் ஆன கண்ணால் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிகிறது என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“இந்தச் சுவத்தை அடிச்சவன் எவன்?” என்றார்.

“ஏங்க?”

“ரெண்டாவது கோட்டு அடிக்காம ஏமாத்தியிருக்கான். ரோலர் தடம் பட்டை பட்டையா நிக்குது.”

அவள் சுவரைப் பார்த்தாள். ஆமாம், பட்டை பட்டையாகத்தான் இருந்தது. சட்டென்று குனிந்து, இடது கண்ணைப் பொத்திய விரல்களில் இடுக்கு எதுவும் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, கை இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

“அந்தக் கதவு?” என்று கேட்டாள்.

“அடியில பெயிண்ட் வழிஞ்சிருக்கு. துடைக்கக்கூட இல்ல, சோம்பேறி.”

“அந்த ஜன்னல் சட்டம்?”

“அது கொஞ்சம் மங்கலா இருக்கு. இரு... மேல் மூலையில பட்டி சரியாத் தேய்க்கலை.”

நர்ஸ் வந்து அவர் முறை வந்துவிட்டதாகக் கூப்பிட்டாள்.

“ஒரு நிமிஷம் இரும்மா” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அந்தப் பக்கத்துச் சுவரை இன்னும் திட்டலை.”