அக்கா பேசிய ஃபைல்கள்

பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவில் இருந்த காலத்தில், யாருடைய கம்ப்யூட்டரில் எந்த ஃபைல் திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "நேத்து வரைக்கும் ஓப்பன் ஆச்சுங்க சார். நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்பார்கள். "ஒண்ணுமே பண்ணாம அதுவா தற்கொலை பண்ணிக்கிச்சுங்களா?" என்று கேட்பேன். அவர்கள் முகம் சுருங்குவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

அங்கே ஃபைல்களைப் பூட்டும் சாஃப்ட்வேரைப் போட வைத்ததும் நான்தான். கோயமுத்தூரில் ஒரு பம்ப் வரைபடம் வெளியே கசிந்தால், அதே பம்ப் அடுத்த மாதம் வேறு பெயிண்டில் சந்தைக்கு வந்துவிடும். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதைச் சேமித்தாலும் தானாகவே பூட்டிக்கொள்ளும்படி ஏற்பாடு. உள்ளே இருக்கும்வரை திறக்கும், வெளியே கொண்டுபோனால் திறக்காது. முதலாளியிடம் மல்லுக்கட்டி இதை வாங்க வைத்தேன்.

கிணத்துக்கடவில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் படுத்தபடி, மகளுக்காகத் தன் போனில் பேசிப் பேசிப் பதிவு செய்து வைத்தாள். அவள் போன பிறகு மகள் அந்தப் போனை என்னிடம் கொடுத்தாள்.

"இப்பக் கேட்டா என்னால தாங்க முடியாதுங்க மாமா. என் கலியாணத்துக்கு முன்னாடி கேட்டுக்கறேன். நீங்களே பத்தரமா வெச்சிருங்க."

எனக்கோ ஆபீஸ் கம்ப்யூட்டரைவிடப் பத்திரமான இடம் தெரியாது. பதிவுகளை அதில் ஏற்றினேன். அந்தப் போன் அவள் காலேஜுக்கு ஆகட்டும் என்று, எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கித் திருப்பிக் கொடுத்தேன். அழிக்கும்போது என் கை கொஞ்சமும் தயங்கவில்லை.

பிறகு கம்பெனி கைமாறியது. நான் வேலையை விட்டேன். கடைசி நாளில் அக்காவின் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வந்தேன். பூட்டு என்பது வரைபடங்களுக்குத்தான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. அக்காவின் குரலையும் அது பூட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருடம் அக்கா மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. "இனி கேட்டுருவனுங்க மாமா" என்று போன் செய்தாள். கொடுப்பதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. வேறு பிளேயரில் போட்டேன். ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மாற்றினேன். கெட்ட ஃபைலைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஃபைல்களின் அளவு குறையவில்லை, அப்படியேதான் இருந்தது. கடைசியில் ஒன்றை வெறும் எழுத்தாகத் திறந்தேன். கிறுக்கலுக்கு மேலே, முதல் வரியில், அந்தப் பூட்டு சாஃப்ட்வேரின் பெயர் இருந்தது.

மறுநாள் காலையிலேயே பழைய கம்பெனிக்கு ஓடினேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்தச் சர்வரையே ஸ்கிராப்புக்குப் போட்டாச்சுங்க சார். பூட்டைத் தொறக்கற சாவியெல்லாம் அதுக்குள்ளதானுங்க இருந்துச்சு. பேக்கப்பும் பழசு எதுவும் இல்லீங்க."

வேறு வழியே இல்லை என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று சொல்லித்தானே வாங்க வைத்தேன்.

நேராகக் கிணத்துக்கடவுக்குப் போய் அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "பரவால்லீங்க மாமா. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. காப்பி கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா என்ன பேசியிருந்தாங்கன்னாச்சும் சொல்லுங்க மாமா. நீங்க கேட்டிருப்பீங்கல்லங்க?"

நான் கேட்டிருக்கவில்லை. ஆபீஸில் ஏற்றிய அன்று, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று மட்டும் சோதித்தேன். "கண்ணு..." என்று அக்கா ஆரம்பித்ததும், சரி, திறக்கிறது என்று மூடிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போனேன்.