காதுகுத்து கேசட்டில் சித்தி

சினிமா இலக்கணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. குண்டான ஒரு பெண் திரையில் வந்தால் சிரிக்க வேண்டும். அவள் உட்காருவதற்கு முன்பே, உடையப்போகிற நாற்காலியை நினைத்துச் சிரித்துவிடுவோம். அவள் நடந்தால் தரை அதிரும். காமெடியன் கல்யாணமே வேண்டாமென்று சுவரேறிக் குதித்து ஓடுவான். அவளுக்குப் பெயர் இருக்காது. அவள் யார் மகள், என்ன வேலை செய்கிறாள் என்று எந்தப் படத்திலும் யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. விழுவதற்காக வருவாள், விழுந்ததும் போய்விடுவாள்.

அம்மாவின் தங்கையான என் சித்தியும் அந்த அளவுக்குக் குண்டுதான். ஆனால் சித்தியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை, ஏனென்றால் சித்தி எதிலிருந்தும் விழவில்லை. சோமனூரில் மாமாவின் தறிக்குடோனில் நாள் முழுக்க நின்று, ஓடுகிற தறிகளுக்கு நடுவே புகுந்து அறுந்த நூலை முடிந்துவிட்டு வருவாள். அந்தத் தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் பேச்சும் சிரிப்பும் உரக்கத்தான். வயது முப்பதை நெருங்கியும் கல்யாணம் மட்டும் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சித்தி கிண்டிய கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். எல்லோருக்கும் ஊர் வெகு தூரம் போலிருக்கிறது.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு புது நாகரிகம் வந்திருந்தது. நேரில் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லச் சங்கடப்படுகிறவர்கள், பெண் கலந்துகொண்ட ஏதாவது விசேஷத்தின் வீடியோ கேசட்டை வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தியூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அப்படிக் கேட்டிருந்தார்கள். கணபதி என்கிற ஊரில் இருந்த எங்கள் வீட்டிலோ தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் சீர் வரும்போது சித்திதான் முதல் தட்டு எடுத்து வருவாள். மாமா வீடியோக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ற தங்கச்சி வர்ற எடத்த மட்டும் நல்லா சினிமாக் கணக்கா பண்ணிப்போடுங்க" என்று சொல்லிவைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கேசட் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைப் போட்டுப் பார்க்க வாடகைக்கு டெக் எடுத்து வந்து டிவியில் மாட்டினோம். சொந்தமெல்லாம் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. முதலில் பிள்ளையார் வந்தார், சுழலும் ரோஜாப்பூவுக்குள் மொட்டைத் தலையோடு தம்பி வந்தான், பிறகு சீர் வந்தது. தட்டோடு சித்தி தெருமுக்கில் திரும்பியதும் மேளச் சத்தம் சட்டென்று நின்றது. டம், டம் என்று டிரம் ஒலிக்க, அவள் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் படம் குலுங்கியது. வாசலுக்கு வந்தபோது ஒரு யானை பிளிறியது. வீடியோக்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் மனசாரச் சிறப்பாகத்தான் செய்திருந்தார். குண்டான பெண்ணைச் சினிமாக் கணக்காகக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கூடமே வெடித்துச் சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சித்தி அங்கேயே உட்கார்ந்திருப்பது ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வர, சிரிப்பு அடங்கியது. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது, மற்ற எல்லோரையும்விட உரக்க. சித்திதான்.

"இன்னொருக்கா போடுங்ணா" என்றாள் மாமாவிடம்.

மாமா பின்னால் ஓட்டிப் போட்டார். மறுபடியும் யானை பிளிறியது. சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள். சித்திக்கு இவ்வளவு பிடித்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இதைய எப்படிடா அந்தியூருக்குக் குடுக்கறது?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டாள். வீடியோக்காரரிடம் வேறு பிரதி இல்லை. கேசட்டில் நாடா சிக்கி அறுந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்றார் மாமா. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதையே குடுத்துடுங்ணா. சிரிக்கறவங்க அவங்க ஊட்டுலயே உக்காந்து சிரிச்சுபோட்டுப் போகட்டும். நான் இன்னொருக்கா கேசரி கிண்ட மாட்டேன்."

கேசட் அந்தியூருக்குப் போனது. பதில் வரவில்லை. தம்பியின் காது புண்ணாகியிருந்ததால் அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சித்தி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவாள். நான் பார்ப்பது தெரிந்தால், ஜன்னலில் காய்கிற துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு மத்தியானம், மாப்பிள்ளையின் அம்மா கேசட்டைத் திருப்பிக் கொடுக்க மகனோடு வந்து இறங்கினார். சித்தி சமையலறைக்குள் போய்விட்டாள். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, "அந்தச் சத்தமெல்லாம் வீடியோக்காரர் தெரியாமப் பண்ணிப்போட்டாருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"நாங்க சத்தத்த நிறுத்திப்போட்டுத்தானுங்க பாத்தோம்" என்றார் அந்த அம்மா. "ஒரு கையில தட்டு. மறு கையில ஒரு புள்ளையோட பாவாடை அவுந்துடாமப் புடிச்சுட்டே வருதுங்க உங்கூட்டு அம்மணி. தெருமுக்குல இருந்து ஊடு வரைக்கும் உடவே இல்லீங்க. இவன்தான் மொதல்ல பாத்துச் சொன்னான்."

மகன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அந்தப் பிள்ளை நான்தான். அன்று என் பட்டுப் பாவாடையின் நாடா அறுந்ததும் நான் அழுததும் ஞாபகம் இருந்தது. ஆனால் யானை பிளிறியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தும், அந்தப் படத்தில் நான் இருந்தது எனக்கே தெரியவில்லை. உடனே போட்டுப் பார்க்கலாம் என்றால் டெக்கைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

சித்தியிடம் சொல்லச் சமையலறைக்கு ஓடினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கதவோரம் நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு உரக்கச் சிரிக்கத் தெரிந்தவளுக்குச் சத்தமில்லாமல் அழவும் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் சிரித்தபோது சேர்ந்து சிரித்தவள், ஒருவரும் சிரிக்காத இந்த நேரத்தில் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்து நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். அந்தியூர்க்காரர்கள் வீட்டு டிவியில் சத்தம் வராது போலிருக்கிறது. அங்கே கட்டிக் கொடுத்தால், பாவம், சித்தி காலம் முழுக்க ஊமைப் படம்தானே பார்க்க வேண்டும்?

"அழாதீங்க சித்தி, சீர்ல உங்களுக்குப் புது டிவி வெச்சுரலாம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தி என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.